குளிருக்கு ஒரு சிகரெட்டா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவைத் தாண்டியதும் ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் அடிக்கிறது. காரை ஓரங்கட்டுகிறீர்கள். ஒரு கையில் ஆவி பறக்கும் டீ. இன்னொரு கை தானாகவே சட்டைப் பைக்குப் போகிறது. வீட்டுக்காரம்மா முறைக்கிறார். "ஒண்ணே ஒண்ணு... குளிருக்கு!" என்கிறீர்கள்.

அதே குளிரில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கன்னத்தில் புகையிலையை அதக்கியபடியே, "குளுருக்குத்தானுங்க" என்பார். ஏ.ஸி. காரில் வந்தவருக்கும், பனியில் நடந்து போகிறவருக்கும் ஒரே காரணம்!

இந்த மலையில் வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் இந்தக் காரணத்தை நான் கேட்காத நாளில்லை. குளிர் இல்லை என்றால் பல்வலி. பல்வலி இல்லை என்றால் டென்ஷன். டென்ஷன் இல்லை என்றால் காலைக்கடன். புகையிலை போடுகிற எவரும் காரணம் இல்லாமல் போடுவதில்லை. என்னைக் கேட்டால், புகையிலையை விட முடியாமல் செய்வதில் பாதிப் பங்கு நிகோடினுக்கு. மீதிப் பாதி நாம் சொல்லிக் கொள்ளும் இந்தக் காரணங்களுக்கு. "சிகரெட்டை விடுங்கள்" என்று இந்தக் கட்டுரையில் உங்களை நான் மிரட்டப் போவதில்லை. உங்கள் காரணத்தை மட்டும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமா?

குளிர் போகிறதா, கூடுகிறதா?

முதலில் இந்தக் குளிர் சமாசாரம். நிகோடின் ரத்தத்தில் கலந்தவுடன் தோலுக்கும் விரல்களுக்கும் போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடம்பின் சூட்டை விரல் நுனி வரை கொண்டு போவதே ரத்தம்தான். அதன் வழி குறுகினால் என்ன ஆகும்? விரல் குளிரும். சிகரெட் பிடித்தவுடன் விரல் நுனியின் சூடு குறைகிறது என்பது கருவி வைத்து அளந்து பார்த்த உண்மை. நெஞ்சுக்குள் போகிற புகை ஒரு நிமிஷம் கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும். உடம்பின் கணக்கில் அது நஷ்டம்தான். குளிருக்கு இதம் தருவது அந்த டீ. பெயரைத் தட்டிக்கொண்டு போவது சிகரெட்!

இன்னொன்றும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல உடம்புக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பீடி, சிகரெட் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அது நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். பஸ்ஸில் இருக்கிற கொஞ்ச இடத்திலும் துண்டைப் போட்டு ஸீட் பிடிக்கிற மாதிரி! சேலத்தில் மாடிப்படி ஏறும்போது தெரியாத மூச்சு வாங்கல், இங்கே சேர்வராயன் கோயிலுக்கு ஏறும்போது தெரிவதற்கு வயசு மட்டும் காரணமில்லை.

நாள்பட்ட புகையிலைக்காரர்களில் சிலருக்கு இந்தக் குழாய்ச் சுருக்கம் பெரிய வியாதியாகவே வரும். கால் விரல் நீலம் பாயும், தாங்க முடியாமல் வலிக்கும், புண்ணாகி அழுகும், கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வரும். பர்ஜர் நோய் என்று பெயர். ஐம்பது வயதுக்குள்ளேயே தாக்குகிற நோய் இது. இதற்கு எந்த வைத்தியம் செய்தாலும் முதல் மருந்து ஒன்றுதான்: புகையிலையை ஒரு துளி பாக்கியில்லாமல் நிறுத்துவது.

பல்வலி முதல் டென்ஷன் வரை

மழைக்காலத்தில் இந்த மலைத் தோட்டங்களில் அட்டைத் தொல்லை அதிகம். காலில் ஒட்டிக்கொண்ட அட்டை மேல் புகையிலைச் சாற்றைத் தடவினால் சுருண்டு விழுந்துவிடும். பெரியவர்கள் கண்டுபிடித்த கைவைத்தியம். நல்லதுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரு சொட்டுச் சாறு பட்டதும் அட்டை துடித்து விழுகிறது. அதே சாற்றைக் கன்னத்துக்குள் மணிக்கணக்கில் ஊற வைக்கிறோம்! காலுக்குத் தடவுகிற பூச்சிமருந்து வாய்க்கு எப்படி உணவாகும்? செடி நிகோடினைத் தயாரிப்பதே, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்வதற்காகத்தான்.

"பல்வலிக்கு வெச்சேன், அப்படியே பழகிப் போச்சு" என்று பெண்கள் பலர் சொல்வார்கள். புகையிலை கொஞ்ச நேரம் மரத்துப் போகச் செய்யும், வலி தெரியாது. பல்லில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும். ஈறு மட்டும் மெல்ல மெல்ல இறங்கி வேர் வெளியே தெரியும். வலியை மறைத்து வியாதியை வளர்ப்பது வைத்தியமா?

"பசி தெரியாதுங்க" என்பது அடுத்த காரணம். உண்மைதான், நிகோடின் பசியை அமுக்கும். ஆனால் விடிகாலையில் வெறும் வயிற்றோடு மலையேறுகிற உடம்புக்குத் தேவை ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். பசி தெரியாமல் போனால் வயிறு நிறைந்துவிட்டதாக அர்த்தமில்லையே! கர்ப்பிணிகள் இதைச் செய்தால் வயிற்றுப் பிள்ளையின் எடை குறையும். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் ஆபத்தும் கூடும். புகையாக இழுத்தாலும் இதே கதி, மென்று துப்பினாலும் இதே கதி.

"காலையில ஒண்ணு பத்த வெச்சாத்தான் டாக்டர் எனக்கு 'போகும்'." நாசூக்காகச் சொல்லும் உத்தியோகஸ்தர்கள் உண்டு. நிகோடின் குடலைத் தூண்டும் என்பது நிஜம். அந்தத் தூண்டுதலுக்குப் பழகிய குடல், தானாக வேலை செய்ய மறந்துவிடுகிறது. ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன் திரிபலா சூரணம், சாப்பாட்டில் கீரையும் கொய்யாவும், காலையில் அரை மணி நடை. பழைய ஞாபகம் குடலுக்கு வந்துவிடும்.

கடைசியாக நம் நடுத்தரக் குடும்பங்களின் செல்லக் காரணம்... டென்ஷன். "ஆபீஸ் டென்ஷனுக்கு இதுதான் ஸார் மருந்து." இதற்குப் பதில் சொல்வதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம்.

காரணம் மாறும், இடைவெளி மாறாது

ஒரு பாக்கெட் நோட்டும் பென்சிலும் போதும். நான்கு நாட்கள் எதையும் குறைக்க வேண்டாம். வழக்கம்போல இருங்கள். ஒவ்வொரு தடவை பற்ற வைக்கும் முன்பும் (அல்லது வாயில் போடும் முன்பும்) மணி என்ன, காரணம் என்ன என்று இரண்டே விஷயம் எழுதுங்கள். "7.10, பாத்ரூம்." "8.45, டிபன் ஆச்சு." "10.15, மேனேஜர் திட்டினார்." "11.40, ஃபிரெண்ட் வந்தான்." "1.30, சாப்பாடு ஆச்சு." "3.00, தூக்கம் வருது." "4.30, டீ."

ஐந்தாம் நாள் நோட்டைப் பாருங்கள். மேனேஜர் திட்டியதற்கும் ஒரு சிகரெட், நண்பர் வந்த சந்தோஷத்துக்கும் ஒரு சிகரெட். வயிறு நிறைந்ததற்கும் ஒன்று, பசிக்கும் ஒன்று. காரணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். மணியைப் பாருங்கள்... ஒன்றரை மணி, ஒன்றரை மணி, ஒன்றரை மணி! காரணம் மாறுகிறது, இடைவெளி மாறவில்லை. ஏன்?

ஏனென்றால் அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது மேனேஜர் இல்லை, நிகோடின். சிகரெட்டை இழுத்தால் பத்து, இருபது விநாடிகளில் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். அங்கே டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கும். ஒரு சுகம், ஒரு தெளிவு. ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்த நிகோடின் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மூளை முணுமுணுக்கும். எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறல். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலை அடக்குகிறது. "ஆகா, டென்ஷன் போச்சு!" என்கிறோம். போனது மேனேஜர் தந்த டென்ஷன் இல்லை. முந்தைய சிகரெட் தந்த டென்ஷன். கடன் கொடுத்தவனே வட்டிக்காகவும் கடன் கொடுக்கிற கதைதான் இது. புகையிலையை அடியோடு விட்டவர்களுக்குச் சில மாதங்களில் மனப் பதற்றம் முன்பைவிடக் குறைகிறது என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

மென்று போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். கூடச் சேர்கிற சுண்ணாம்பு, நிகோடினைக் கன்னத்துச் சதை வழியாகச் சுலபமாக உள்ளே அனுப்புகிறது. மெதுவாக ஏறும், நீண்ட நேரம் இருக்கும். அதனால் இதையும் விடுவது சிரமம்தான்.

ஆகவே "பழக்கம்" என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. பத்திரிகை படிப்பது பழக்கம். இது மூளையின் அமைப்பையே மாற்றிவிடுகிற வியாதி. "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்லி, முடியாதவரைக் கோழை என்று நினைக்கிறோமே, அது அநியாயம். வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பி விடுகிறவர்களில் ஒரு வருடத்தைத் தாண்டுவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். சரியான ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் இரண்டு, மூன்று மடங்கு பேர் கரையேறுகிறார்கள்.

"தாம்பூலம் நம்ம பாரம்பரியம்தானே?"

சித்த வைத்தியனிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? "தாம்பூலம் நம்ம முன்னோர் வழக்கம்தானே ஐயா?"

முன்னோருக்குப் புகையிலையே தெரியாது! அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் காலத்தில், 1600-ஐ ஒட்டித்தான் நம் நாட்டில் பரவியது. ஏற்காட்டுக் காபியும் அப்படி வந்ததுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே கொண்டுவந்து பயிரிட்டார். வெளியூர் சரக்கு என்பதற்காக எதையும் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் நேற்று வந்ததைப் "பாரம்பரியம்" என்று சொல்லிக் காப்பாற்றவும் வேண்டாம்.

சரி, புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு? இங்கே என் சக வைத்தியர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம். பரவாயில்லை. வெற்றிலையில் எனக்கு வழக்கில்லை. பாக்கில்தான் வழக்கு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. கல்யாணத் தாம்பாளத்தில் பாக்கு இருக்கட்டும். மங்கலத்துக்கு அது போதும். தினமும் வாயில் இருக்க வேண்டாம். கிழவி மென்றதால் நூறு வயசு இருந்தாள் என்பார்கள். மென்று நாற்பதில் போனவர்களைப் பற்றிக் கதை சொல்ல அந்த வீட்டில் ஆள் மிஞ்சியிருக்காது.

புகையிலையோ பாக்கோ போடுகிறவர்கள் இன்று ராத்திரியே கண்ணாடி முன் நின்று இதைச் செய்யுங்கள். வாயை நன்றாகத் திறந்து, உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக நுழையுங்கள். தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றாலோ, காரமே நாக்கில் வைக்க முடியாமல் எரிந்தாலோ, கன்னத்துச் சதை நார் நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி... இதில் எது இருந்தாலும் கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். நேராகப் பல் மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனைக்கோ போங்கள். நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் காப்பாற்றக் கூடிய நோய் அது.

"ஒரு லேகியம் குடுங்களேன்!"

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "மூணே நாள்ல சிகரெட்டை மறக்கடிக்கும் மூலிகை", "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்றெல்லாம் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஐந்தரை வருஷம் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் சொல்கிறேன்: அப்படி ஒரு லேகியம் எங்கள் கையில் இல்லை. ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது வைத்திய தர்மமும் இல்லை. அந்தப் பணத்தைப் பழம் வாங்கச் செலவழியுங்கள்.

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு இதில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. நிகோடின் ஆசையை அடக்குவதற்கு நவீன மருத்துவத்தில் சோதித்துப் பார்த்த மருந்துகள் உண்டு. நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, மாத்திரைகள். அவற்றை நான் தடுப்பதில்லை, நானே அனுப்பி வைக்கிறேன். அந்த நான்கு வாரங்களில் உடம்பு படுகிற பாட்டைத் தணிப்பது எங்கள் வேலை. தூக்கம் கெட்டால் வாரம் இரண்டு முறை நல்லெண்ணெய் முழுக்கு. ஏற்காடு மாதிரி குளிர் ஊரில் வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில். மலச்சிக்கலுக்குத் திரிபலா. வாய் நமநமத்தால் சோம்பு, ஏலக்காய், ஒரு கிராம்பு, நெல்லி வற்றல், சுக்குத் துண்டு. அதிமதுரமும் நல்லதுதான், ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து மெல்லக் கூடாது, பிரஷர் ஏறும்.

விடுவது எப்படி?

முதலில் நாள் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். முந்தின நாள் ராத்திரியே பாக்கெட், லைட்டர், ஆஷ்ட்ரே, பொட்டலம் எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். "அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று பீரோ மேலே ஒளித்து வைக்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு மாற்று எழுதுங்கள். குளிருக்கு: சுக்கு, மிளகு போட்ட வெந்நீர், காதுக்கு மப்ளர், காலுக்குச் சாக்ஸ். டிபன் முடிந்ததா? உடனே எழுந்து பல் துலக்குங்கள். நண்பர் கூப்பிட்டாரா? டீக்கடை வேண்டாம், நடந்துகொண்டே பேசுங்கள். காரணத்துக்குச் சரியான மருந்து கிடைத்துவிட்டால் புகையிலைக்கு அங்கே வேலை இல்லை.

மூன்றாவது, முதல் மூன்று நாட்கள் கஷ்டம். இரண்டாம், மூன்றாம் நாளில் வேதனை உச்சத்தில் இருக்கும். பிறகு இறங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு ஆசை அலையும் சில நிமிடங்கள்தான். கடிகாரத்தைப் பாருங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பத்து முறை ஆழ்ந்து மூச்சு விடுங்கள். அலை தானாகத் திரும்பிப் போகும்.

நான்காவது, பலருக்குத் தெரியாத ஒன்று. காபி! சிகரெட், பீடிப் புகை, காபியில் உள்ள காஃபினை உடம்பு வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமாகக் குடிக்கிற அதே நாலு டம்ளர் காபி, ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்காகத் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி தூக்கமின்மை. "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி பற்ற வைத்துவிடுவார்கள். ஆகவே விடுகிற நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். காபி விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் சங்கடம்தான்! ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய்க்கும் மனநோய்க்கும் மருந்து எடுப்பவர்கள், புகையை நிறுத்தியதும் டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, நிகோடின் சூயிங்கம். இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினால் பலனில்லை. விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் மிச்சம். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி. மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஆறாவது, பேச்சுத் துணை. 1800-11-2356. மத்திய அரசின் புகையிலை விடுதலை உதவி எண். 2016-ல் தொடங்கியது. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம். உங்கள் கையில் இருக்கிற பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பயமுறுத்தும் அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டைவிரலால் மூடிக்கொள்கிறீர்களே, அதற்குக் கீழேதான்!

வீட்டில் இருப்பவர்களுக்கு

2016-17-ல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகிறார். ஆகவே இது எந்த வீட்டுக்கும் அந்நியமான விஷயமில்லை.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் விடுகிறேன் என்று சொன்ன வாரத்தில் எரிந்து விழுவார். அது அவர் இல்லை, அவருடைய மூளையின் முணுமுணுப்பு. பொறுத்துக் கொள்ளுங்கள். கரண்ட் பில், பையனின் மார்க் எல்லாம் ஒரு மாதம் கழித்துப் பேசலாம். நடுவில் ஒரு நாள் தவறிப் பற்ற வைத்துவிட்டால், "எனக்குத் தெரியும், உங்களால முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு சிகரெட் ஒரு வழுக்கல்தான். பல தடவை முயன்ற பிறகே பலர் முழுதாக விடுகிறார்கள். எந்த நேரத்தில், எந்தக் காரணத்தில் வழுக்கியது என்று நோட்டில் குறித்துவிட்டு, அன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

குளிருக்காகக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே புகைக்கிறார்களே, அந்தக் கொடுமை வேண்டவே வேண்டாம். பின் ஸீட்டில் இருக்கிற குழந்தைக்கு ஓடிப்போக இடமில்லை. ஓட்டல் அறையும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்தினால் புகை போகாது; திரையிலும் கம்பளியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் குடும்பத்துக்காகக் காத்திருக்கும். கோடையில் மலைப்பாதையில் அணைக்காமல் வீசுகிற துண்டு, காட்டையே கொளுத்தும்.

அப்புறம், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் தோட்டக்காரருக்கும் "புகையிலைக்கு வெச்சுக்கோ" என்று தனியாகச் சில்லறை கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பாகத்தான் கொடுக்கிறோம். அதே அன்போடு காலையில் ஒரு தம்ளர் சூடான கூழோ, இரண்டு இட்லியோ கொடுங்களேன். பல்வலி என்றால் பல் டாக்டர் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நாம் விட வேண்டிய புகையிலை நம் வாயில் இருப்பது மட்டுமில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் கடையே கூடாது என்று 2003-ம் வருட மத்திய சட்டம் சொல்கிறது. குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தமிழ்நாடு அரசு 2013-ல் தடை செய்தது. ஆனாலும் உதட்டுக்கு அடியில் வைக்கிற குட்டிப் பொட்டலம் மாணவர்கள் கையில் எப்படியோ போய்ச் சேர்கிறது. புகை வராது, நாற்றம் வராது, அப்பா அம்மாவுக்குத் தெரியவும் வராது. விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோர், மார்க் ஷீட்டைப் பார்ப்பது போல வாயையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கண்டுபிடித்தால் அடிக்காதீர்கள். "எதுக்குடா போட்டே?" என்று காரணத்தைக் கேளுங்கள். மருந்து அங்கேதான் தொடங்குகிறது.

விட்டால் என்ன கிடைக்கும்? இருபது நிமிடத்தில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்கும். ஒரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வெளியேறிவிடும். சில வாரங்களில் மூச்சு வாங்கல் குறையும். ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்தின் கூடுதல் பங்கு பாதியாகும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் ஏறக்குறைய பாதியாகும். நடுவில் நாலைந்து கிலோ எடை கூடலாம். கூடட்டும், அதை நடந்து கரைத்துவிடலாம்.

இந்தப் பத்திரிகையை மூடி வைத்ததும் முதல் வேலையாக ஒரு நோட்டும் பென்சிலும் தேடி எடுங்கள். மணி, காரணம்... இரண்டே கட்டம் போடுங்கள். நாலு நாள் எழுதுங்கள். ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரம்மாவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்ன, சம்மதமா?